ஒரே நாளில் புதுச்சேரியும் அல்ஜீரியாவும்: 7 மாதம் 17 நாள் மட்டுமே ஆண்ட பிரெஞ்சு பிரதமரின் கதை

நவம்பர் 1 என்றால் புதுச்சேரியில் விடுதலை நாள். 1954-ல் அந்த நாளில்தான் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் நிர்வாகமும் பிரான்ஸிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. டெல்லியில் ஓர் ஒப்பந்தம், புதுச்சேரியில் கொடி மாற்றம். இரு நாட்டு ராணுவமும் மோதிக்கொள்ளாமலேயே விஷயம் முடிந்தது.

அதே 1954 நவம்பர் 1 அதிகாலையில், மத்தியதரைக் கடலின் தென்கரையில் இருந்த அல்ஜீரியாவில் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. அதுவும் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போராட்டம்தான். ஆனா அங்கே கையெழுத்தோடு முடியலை. ஏழரை ஆண்டுகள் போர் நடந்தது. லட்சக்கணக்கானோர் செத்தார்கள்.

இரண்டும் நடந்த நாளில் பாரிஸில் பிரதமர் நாற்காலியில் இருந்தவர் ஒரே ஆள்: பியேர் மெண்டெஸ் பிரான்ஸ். மொத்தம் ஆண்டது 7 மாதம் 17 நாள். நம்ம ஊர் கல்லூரியில் ஒரு கல்வியாண்டுகூட அதைவிட நீளம்! ஆனாலும் பிரெஞ்சு அரசியலில் நேர்மைக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் இன்றும் முதலில் வரும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. யார் இவர்? அப்படி என்ன செய்தார்? ஒரு இடத்தில் சரியாகக் கணக்குப் போட்டவர், இன்னொரு இடத்தில் எங்கே சறுக்கினார்?

(அவருடைய குடும்பப் பெயரிலேயே நாட்டின் பெயரும் சேர்ந்திருக்கு. குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே மெண்டெஸ் என்றே வைத்துக்கொள்வோம்.)

25 வயதில் எம்.பி.

1907 ஜனவரி 11-ல் பாரிஸில் பிறந்தார். பல தலைமுறைகளுக்கு முன் போர்ச்சுக்கலிலிருந்து வந்த யூதக் குடும்பம். அப்பா துணி வியாபாரி. பையன் படிப்பில் கெட்டிக்காரன். 15 வயதிலேயே பள்ளி இறுதித் தேர்வை முடித்தார். இருபதை எட்டும் முன்பே வக்கீல் ஆனார். பிரான்ஸின் பணமதிப்பையும் அரசின் நிதிக்கொள்கையையும் ஆராய்ந்து சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அரசாங்கத்தின் வரவு செலவு மீதான இந்த ஆர்வம் கடைசி வரை அவரை விடவில்லை.

1932-ல் நார்மண்டிப் பகுதியிலுள்ள லூவியே என்ற சிறிய ஊரிலிருந்து நாடாளுமன்றம் போனபோது அவருக்கு வயது 25. அவையிலேயே இளையவர் அவர்தான். சில ஆண்டுகளில் அதே ஊரின் மேயரும் ஆனார்.

1936-ல் ஹிட்லரின் ஜெர்மனியில் பெர்லின் ஒலிம்பிக் நடக்க இருந்தது. பிரெஞ்சு அணியை அனுப்ப நிதி ஒதுக்கும் தீர்மானம் அவைக்கு வந்தபோது, எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே உறுப்பினர் மெண்டெஸ். தனியாக நிற்கப் பயப்படாத ஆள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1938-ல் லியோன் ப்ளூம் அமைத்த இரண்டாவது அரசில், 31 வயதில், கருவூலத் துறைத் துணை அமைச்சர் பதவி கிடைத்தது. ஆங்கிலேயப் பொருளாதார நிபுணர் கீன்ஸின் கருத்துகளை அடிப்படையாக வைத்து ஒரு மீட்புத் திட்டம் தயாரித்தார். ஆனால் அந்த அரசு ஒரு மாதத்துக்குள் கவிழ்ந்துபோனது.

ஜெயில் சுவர் ஏறிக் குதித்தவர்

1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. வட ஆப்பிரிக்கா போய் அங்கிருந்து போரைத் தொடரலாம் என்று சில எம்.பி.க்கள் மாசிலியா என்ற கப்பலில் கிளம்பினார்கள். விமானப்படை அதிகாரியாக இருந்த மெண்டெஸும் அதில் ஏறினார். கப்பல் மொராக்கோவின் காசாபிளாங்கா போய்ச் சேருவதற்குள் பிரான்ஸில் காட்சி மாறிவிட்டது. மார்ஷல் பெத்தான் தலைமையிலான அரசு ஜெர்மனியிடம் சரணடைந்திருந்தது. போரைத் தொடரப் போனவர்களுக்கு ஓடிப்போனவர்கள் என்ற முத்திரை விழுந்தது.

ராணுவத்தை விட்டு ஓடியதாக மெண்டெஸ் மீது வழக்கு. 1941 மே மாதம் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் 6 ஆண்டு சிறைத் தண்டனை. யூதர் என்பதும், இடதுசாரி அரசில் இருந்தவர் என்பதும் தீர்ப்புக்குப் பின்னால் இருந்தன என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அவர் தண்டனை முடியும்வரை காத்திருக்கவில்லை. ஜூன் மாதமே ஜன்னல் கம்பியை அறுத்துத் தப்பினார். சுவர் மேல் ஏறிவிட்டார், ஆனா குதிக்க முடியலை. காரணம், சுவருக்குக் கீழே ஒரு காதல் ஜோடி நின்று பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் பேசி முடித்துக் கிளம்பும்வரை சுவர் மேலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆவணப்படத்தில் அவரே சிரித்தபடி விவரித்தார்.

பல மாதம் தலைமறைவாக இருந்து, 1942 தொடக்கத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தார். டி கோலின் சுதந்திர பிரான்ஸ் இயக்கம் அங்கே இருந்தது. அரசியல் பதவி கேட்காமல் விமானப்படையில் சேர்ந்தார். குண்டுவீச்சு விமானத்தில் வழிகாட்டும் பணி. இங்கிலாந்திலிருந்து கிளம்பி, ஜெர்மன் பிடியில் இருந்த தன் நாட்டின் மீதே பறக்க வேண்டியிருந்தது.

1943 இறுதியில் டி கோல் அவரை அல்ஜியர்ஸுக்குக் கூப்பிட்டு நிதிப் பொறுப்பைக் கொடுத்தார். 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் உலக வங்கிக்கும் ஐ.எம்.எஃப்.க்கும் அடித்தளம் போட்ட மாநாட்டில் பிரெஞ்சுக் குழுவின் தலைவர் அவர்தான்.

கசப்பு மருந்து வேண்டாம் என்ற நாடு

விடுதலை அடைந்த பிரான்ஸில் மெண்டெஸ் பொருளாதார அமைச்சர். போர்க்காலத்தில் அச்சடித்த நோட்டுகள் ஏராளமாகப் புழங்கின. கடையில் பொருள் இல்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்? பழைய நோட்டுகளை மாற்றுவது, வங்கிக் கணக்குகளில் ஒரு பகுதியை முடக்குவது, சில காலம் எல்லாரும் சிக்கனமாக இருப்பது என்று ஒரு திட்டம் கொடுத்தார். கொஞ்ச காலம் கஷ்டம், பிறகு நாணயம் நிமிரும் என்பது அவர் வாதம்.

நான்கு ஆண்டு பட்டினி கிடந்த மக்களிடம் இன்னும் பொறுங்கள் என்று எப்படிச் சொல்வது என்று நிதி அமைச்சர் ரெனே பிளெவன் எதிர்த்தார். டி கோல் பிளெவன் பக்கம் சாய்ந்தார். 1945 ஏப்ரலில் மெண்டெஸ் ராஜினாமா செய்தார். அடுத்த சில ஆண்டுகள் பிரான்ஸில் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது.

அடுத்த 9 ஆண்டுகள் அவர் எந்த அரசிலும் சேரவில்லை. அந்தக் காலத்து பிரெஞ்சு அரசியலில் இது ஆச்சரியம்தான். நான்காம் குடியரசு என்று சொல்லப்படும் 1946 முதல் 1958 வரையிலான 12 ஆண்டுகளில் 20-க்கும் மேற்பட்ட அரசுகள் வந்து போயின. சில மாதத்துக்கு ஒரு முறை யாருக்காவது ஒரு நாற்காலி காலியாகும். வேண்டும் என்றால் உட்கார்ந்திருக்கலாம்.

இந்தோசீனா: கணக்கைச் சொன்ன ஆள்

1946 முதல் இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியாவில் பிரான்ஸ் போரிட்டுக்கொண்டிருந்தது. 1950-ல் மெண்டெஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, தீர்மானமாக ஒரு விஷயத்தைச் சொன்னார். ஜெயிக்க வேண்டுமென்றால் படையையும் பணத்தையும் பல மடங்கு கூட்டுங்கள், அதற்கான வரியையும் மக்களிடம் கேளுங்கள். முடியாது என்றால் எதிரியோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டும் இல்லாமல் நாளை ஓட்டினால் வீரர்கள் சாவதுதான் மிச்சம்.

அவர் அறத்தை மட்டும் பேசியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பட்ஜெட்டைக் காட்டிப் பேசினார். போரில் கொட்டும் பணம்தான் உள்நாட்டில் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் இல்லாமல் போகிறது என்றார். ஆட்சி செய்வது என்றாலே எதையாவது தேர்ந்தெடுப்பது, எதையாவது கைவிடுவது என்பது அவர் கொள்கை.

1953-ல் பிரதமராக முயன்றபோது 13 ஓட்டுகள் குறைந்தன. 1954 மே 7-ல் தியன் பியன் பூ கோட்டை வியட்நாமியப் படையிடம் விழுந்தது. 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் சிறைப்பட்டார்கள். ஜூனில் அரசு கவிழ்ந்தது. நான்கு ஆண்டுகளாக எச்சரித்த ஆளை நோக்கி இப்போது எல்லார் பார்வையும் திரும்பியது.

ஜூலை 20 வரை கெடு

ஜூன் 17-ல் ஆதரவு கேட்டு அவைக்கு வந்த மெண்டெஸ், தனக்குத் தானே ஒரு கெடு விதித்துக்கொண்டார். ஜூலை 20-க்குள் போர்நிறுத்தம் வராவிட்டால் ராஜினாமா. இன்னொரு நிபந்தனையும் வைத்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் ஓட்டுகளைத் தன் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றார். கம்யூனிஸ்ட்டுகளோடு பேசப் போகிறவர், அவர்கள் தயவில் பிரதமர் ஆனார் என்ற பேச்சு வரக்கூடாது என்பதுதான் காரணம்.

419 பேர் ஆதரவு, 47 பேர் எதிர்ப்பு. கம்யூனிஸ்ட் ஓட்டுகளைக் கழித்துப் பார்த்தாலும் பெரும்பான்மை இருந்தது. வெளியுறவுத் துறையையும் அவரே வைத்துக்கொண்டார்.

கெடு என்பது வெறும் சவடாலா? இல்லை, அதற்குள் ஒரு பேரம் இருந்தது. பேச்சு தோற்றால் பதவி விலகும் முன், கட்டாய ராணுவ சேவையில் உள்ள இளைஞர்களை இந்தோசீனாவுக்கு அனுப்பும் சட்டத்தைக் கொண்டுவருவேன் என்றும் அறிவித்தார். அதுவரை அங்கே அனுப்பப்பட்டவர்கள் சம்பள வீரர்கள் மட்டுமே. எதிர்த்தரப்புக்குச் செய்தி தெளிவு: நான் போனால் அடுத்து வருபவரோடு பேசுவது இதைவிடக் கஷ்டம்.

ஜெனீவாவில் பேச்சு கடைசி இரவு வரை இழுத்தது. நள்ளிரவு தாண்டியும் கம்போடியா பிரதிநிதிகள் விட்டுக்கொடுக்கவில்லை. கையெழுத்து விழுந்தபோது உண்மையில் 21-ம் தேதி பிறந்துவிட்டது. காகிதத்தில் 20 என்றே இருந்தது. வியட்நாம் 17-வது அட்சரேகையில் தற்காலிகமாகப் பிரிந்தது. போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் சர்வதேசக் குழுவுக்கு இந்தியா தலைமை. 1956-ல் நடக்க வேண்டிய ஒன்றிணைப்புத் தேர்தல் நடக்கவே இல்லை. அந்தப் பிரிவினையிலிருந்து அடுத்த போர் வளர்ந்தது. ஆனால் பிரான்ஸின் போர் அன்று முடிந்தது.

பத்தே நாளில், ஜூலை 31-ம் தேதி, துனிசியாவுக்குப் பறந்தார். உள்நாட்டு ஆட்சி இனி உங்களுடையது என்று அங்கே அறிவித்தார். 1956-ல் துனிசியா முழு விடுதலை பெற்றது.

புதுச்சேரி: கீழூரில் 178 பேர்

சரி, புதுச்சேரிக்கு வருவோம். இந்தியா விடுதலை அடைந்த பிறகும் பிரெஞ்சுப் பகுதிகள் அப்படியே இருந்தன. மக்கள் கருத்துக் கேட்டு முடிவு செய்யலாம் என்று 1948-ல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. வங்காளத்தில் உள்ள சந்திரநாகூர் 1949-ல் ஓட்டுப் போட்டு இந்தியாவோடு போனது. மற்ற நான்கு ஊர்களில் வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போனது.

வ.சுப்பையா போன்றோர் நீண்ட காலம் போராடி வந்தார்கள். 1954 மார்ச்சில், அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேர் இணைப்பின் பக்கம் தாவியதும் நிலைமை வேகமெடுத்தது. ஏனாமும் மாகேயும் அந்தக் கோடையிலேயே பிரெஞ்சு நிர்வாகத்தின் கையை விட்டு நழுவின. பாரிஸில் முந்தைய அரசோடு நடந்த பேச்சு மட்டும் முறிந்துபோனது.

மெண்டெஸ் அரசு வந்த பிறகு முடிச்சு அவிழ்ந்தது. பிரெஞ்சு அரசமைப்புச் சட்டப்படி, மக்கள் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது. அதே நேரம் முழு வாக்கெடுப்பு நடத்த நேரமும் சூழலும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டால் போதும் என்று வழி கண்டார்கள். 1954 அக்டோபர் 18-ல் கீழூர் கிராமத்தில் சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு 170 ஓட்டு, எதிராக 8. மூன்றே நாளில் டெல்லியில் ஒப்பந்தம். நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது.

சட்டப்படியான முழு ஒப்படைப்பு மட்டும் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது. அதாவது அல்ஜீரியா விடுதலை அடைந்ததற்கு அடுத்த மாதம்.

அதே நாள், அல்ஜீரியா

இந்தோசீனாவிலும் துனிசியாவிலும் புதுச்சேரியிலும் நிதானமாகக் கணக்குப் போட்டவர், அல்ஜீரியாவில் வேறு மாதிரி நடந்துகொண்டார். நவம்பர் 12-ல் அவையில் பேசியபோது, அல்ஜீரியா பிரெஞ்சுக் குடியரசின் பகுதி, பிரிவினைக்கு இடமே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். கூடுதல் படையும் போனது. அப்போது உள்துறை அமைச்சர் ஃபிரான்சுவா மித்தரான். அவர் நிலையும் அதேதான்.

ஏன் இந்த வித்தியாசம்? துனிசியா சட்டப்படி வெளியே இருந்த நிலம். அல்ஜீரியாவோ 1848 முதல் பிரான்ஸின் மாவட்டங்களாகவே கணக்கில் இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினர் சுமார் 10 லட்சம் பேர் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். அவர்களுடைய எம்.பி.க்கள் பாரிஸ் அவையில் உட்கார்ந்திருந்தார்கள். அதைவிடப் பல மடங்கு இருந்த முஸ்லிம்களுக்குச் சம உரிமை இல்லை. இடதுசாரி, வலதுசாரி என்ற பேதமில்லாமல் ஏறக்குறைய முழு அரசியல் வர்க்கமும் அல்ஜீரியாவைத் தனி நாடாகப் பார்க்கத் தயாராக இல்லை. எல்லாரையும் எதிர்த்துத் தனியாக ஓட்டுப் போட்ட 1936-ன் மெண்டெஸ், இந்த இடத்தில் கூட்டத்தோடு நின்றார்.

சூழல் அவரைக் கட்டிப்போட்டது என்பது உண்மை. ஆனாலும் அவர் சொன்ன வார்த்தைகள் அவர் சொன்னவைதான்.

பால் டம்ளரும் சனிக்கிழமை ரேடியோவும்

உள்நாட்டில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததும், கேலி வாங்கித் தந்ததும் பால். பிரான்ஸில் குடிப்பழக்கம் பெரிய சுகாதாரப் பிரச்சினையாக இருந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்க ஏற்பாடு செய்தார். பொது இடங்களில் கேமரா முன்னால் தானே பால் குடித்துக் காட்டினார். பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் வரியில்லாமல் சாராயம் காய்ச்சிக்கொள்ளும் பழைய சலுகையிலும் கை வைத்தார். ஒயின், சாராய வியாபாரிகள் கொதித்தார்கள். அவர் யூதர் என்பதைச் சொல்லி வெறுப்பைக் கக்கிய கூட்டமும் இதில் சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமை தோறும் ரேடியோவில் மக்களிடம் நேரடியாகப் பேசினார். அரசு என்ன செய்கிறது, எதில் தடுமாறுகிறது என்று எளிமையாக விளக்கினார். இளைஞர்களுக்குப் பிடித்தது. கட்சித் தலைவர்களுக்கு அடியோடு பிடிக்கவில்லை.

நடுராத்திரியில் கவிழ்ந்த அரசு

எதிரிகள் நாலா பக்கமும் பெருகினார்கள். ஆகஸ்டில் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ராணுவம் அமைக்கும் திட்டத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. அதைக் காப்பாற்ற மெண்டெஸ் தன் பதவியைப் பணயம் வைக்கவில்லை என்று ஐரோப்பிய ஒற்றுமை பேசியவர்கள் கோபத்தில் இருந்தார்கள். பிறகு மேற்கு ஜெர்மனி ராணுவம் வைத்துக்கொள்ள அவர் சம்மதித்தது இடதுசாரிகளில் பலருக்குக் கசந்தது.

கடைசி அடி வட ஆப்பிரிக்காவிலிருந்துதான் வந்தது. அல்ஜீரியாவில் பிரிவினையை எதிர்த்தாலும், போலீஸைச் சீரமைப்பது, ஏட்டில் கிடந்த சீர்திருத்தங்களை நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று அவர் இறங்கினார். அந்த அளவைக்கூட அங்கிருந்த ஐரோப்பியர்களின் பிரதிநிதிகள் தாங்கவில்லை. 1955 பிப்ரவரி 5 அதிகாலை நடந்த வாக்கெடுப்பில் எதிராக 319, ஆதரவாக 273. வழக்கத்துக்கு மாறாகத் தோற்ற பிறகும் மேடையேறிப் பேச முயன்றார். கூச்சல் போட்டு அவரை இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு

1956 தேர்தலில் அவர் முன்நின்ற கூட்டணி ஜெயித்தது. ஆனால் பிரதமர் பதவி சோஷலிஸ்ட் தலைவர் கீ மொலேக்குப் போனது. அமைச்சரான மெண்டெஸ், அல்ஜீரியாவில் அரசியல் தீர்வைத் தேடாமல் அடக்குமுறையை மட்டும் கூட்டுகிறார்கள் என்று மே மாதமே வெளியேறினார். 1954-ல் பேசியதிலிருந்து ஒன்றரை ஆண்டில் நெடுந்தூரம் வந்திருந்தார். அதற்குள் போர் யார் கைக்கும் அடங்காமல் போயிருந்தது.

1958-ல் ராணுவக் கலகத்தின் நிழலில் டி கோல் ஆட்சிக்குத் திரும்பினார். தன் பழைய தலைவர் என்றும் பார்க்காமல் மெண்டெஸ் எதிர்த்து ஓட்டுப் போட்டார். அந்த ஆண்டு கடைசியில் நடந்த தேர்தலில் தன் சொந்தத் தொகுதியையே இழந்தார். நாட்டின் அதிகாரம் முழுவதும் ஒரே மனிதரிடம் குவியும் அதிபர் முறையை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. அதனாலேயே அதிபர் தேர்தலில் வேட்பாளராக ஒரு முறைகூட நிற்கவில்லை. 1967-ல் கிரெனோபிளிலிருந்து மீண்டும் எம்.பி. ஆனார். 1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பிந்தைய தேர்தலில் மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் அதையும் இழந்தார்.

1970-களில் இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் ரகசியமாகச் சந்தித்துப் பேச உதவினார். இறப்பதற்குச் சில மாதம் முன்புகூட இரு தரப்பும் ஒன்றையொன்று அங்கீகரிக்க வேண்டும் என்று கோரும் அறிக்கையில் கையெழுத்திட்டார்.

1981 மே மாதம் மித்தரான் அதிபராகப் பதவியேற்ற விழாவில் இந்த முதியவரைக் கட்டித் தழுவினார். மெண்டெஸ் அழுதுவிட்டார். 1954-ல் ஒரே அமைச்சரவையில் இருந்த இருவரில் ஒருவருக்கு முழு அதிகாரம் கிடைத்தது. மற்றவருக்கு மரியாதை கிடைத்தது.

1982 அக்டோபர் 18-ல் பாரிஸ் வீட்டில், எழுதுமேசை முன்னால் உயிர் பிரிந்தது. கீழூர் ஓட்டெடுப்பு நடந்து சரியாக 28 ஆண்டுகள்.

ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

மெண்டெஸ் சாதித்த பட்டியல் சின்னது. ஒரு போரை முடித்தார். இரண்டு இடங்களில் ரத்தக்களரி இல்லாமல் கை விலக வழி செய்தார். மற்றதெல்லாம் பாதியில் நின்றவை. ஆனால் செலவு எவ்வளவு, யார் கொடுப்பது, எந்தத் தேதிக்குள் என்று மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, அந்தத் தேதிக்குத் தன் பதவியையே ஈடாக வைத்த பிரதமர்கள் அதிகம் பேர் இல்லை.

அவர் வாழ்க்கை ஒரு எச்சரிக்கையும் விட்டுப்போகிறது. தூரத்தில் இருக்கும் விஷயத்தில் கணக்கு சுலபமாகப் புரிகிறது. எது நம்முடையது என்று நினைக்கிறோமோ அங்கேதான் தெளிவான ஆளுக்கும் கண் மறைக்கிறது. புதுச்சேரியில் கொடி மாறிய அதே நாளில் அல்ஜீரியாவில் தொடங்கிய போர் அதற்குச் சாட்சி.

அடுத்த முறை புதுச்சேரியில் நவம்பர் 1 விழா பார்க்க நேர்ந்தால், கீழூரில் ஓட்டுப் போட்ட 178 பேரோடு சேர்த்து, பாரிஸில் சம்மதம் சொன்ன இந்த மனிதரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.